இரண்டு மீட்டர் நாற்பது

லென்ஸ் கிடைத்தது டௌகவ்பில்ஸ் சந்தையில்,
கம்பளிக் காலுறைகளுக்கும்
பூட்டில்லாத சாவிகள் நிறைந்த ஒரு டப்பாவுக்கும் நடுவில்.
உள்ளங்கை அகலம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
விற்றவனுக்கு அது பூதக்கண்ணாடி.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்,
முப்பது யூரோவுக்கு.

அன்றிரவே சமையலறை விளக்கை அணைத்து
ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கைப் பிடித்துக்
காகிதத்தில் இறக்கினேன்.
பின்னால் போனேன், போனேன்,
ஃப்ரிட்ஜ் முதுகில் இடித்தது,
கதவைத் திறந்து நடைக்குள் போனேன்.
அங்கேதான் விளக்கு
ஒரு கடுகாகச் சுருங்கித் தெளிந்தது.
இரண்டு மீட்டர் நாற்பது.

எங்கள் கட்டடத்து லிஃப்டின் உயரம்
இரண்டு மீட்டர் பத்து.
எனக்குத் தெரியும். வருடம் இருமுறை
அதற்கு எண்ணெய் போட்டுக் கையெழுத்திடுவது நான்.
ஒன்பது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி.
முப்பது சென்டிமீட்டருக்காக
வானத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

வெளிச்சத்தை மடிக்க வேண்டியதுதான்,
தச்சனின் மடக்குக்கோல் மாதிரி:
போகும், திரும்பும், மறுபடி போகும்.
எண்பது, எண்பது, எண்பது.
நடுவில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள்.
ஒன்று மட்டும் என்றால் நிலா இடவலம் மாறி நிற்கும்.
இரண்டாவது, முதலாவது சொன்ன பொய்யைத்
திருப்பிச் சொல்லி நேராக்கிவிடும்.
தலைகீழ் மட்டும் மிஞ்சும்.
பரவாயில்லை, அங்கே எது மேல்?

முதலில் போட்டது
பழைய ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடிகள்.
வியாழன் முட்டையாக வந்தது.
திருகை இறுக்கினேன்,
முட்டை குறுக்கே திரும்பிப் படுத்தது.
இரண்டு மாதச் சேமிப்பில் நல்லவை வந்தன.
மூச்சடக்கித்தான் பிரித்தேன்.
மூச்சு பட்டால் துடைக்க வேண்டும்,
துடைத்தால் கீறும்.

பிறகு கள்ள வெளிச்சம்.
மடிப்பு வழியே வரப் பொறுமையில்லாமல்
லென்ஸிலிருந்து கண்வில்லைக்குக் குறுக்கே ஓடிவரும்
அடுத்த தெருவின் சூப்பர்மார்க்கெட் பலகை.
புகைபோக்கிக்கு அடிக்கும் கறுப்புச் சாயம் பூசி
அட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு துளை,
கூம்பு குறுகக் குறுக அதுவும் குறுகும்.
அறுபத்தேழு மில்லிமீட்டர், முப்பத்துமூன்று.
நடைச் சுவரில் பென்சிலால் எழுதியது
இன்னும் அழியவில்லை.

ஆறு வாரம் மூடிக் கிடந்த வானம்
மார்ச்சில் ஓர் இரவு திறந்தது.
இரண்டாம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றபோது
உள்ளே எட்டாம் மாடி அக்னேசே,
இரண்டு பை உருளைக்கிழங்கோடு.
பெட்டி, நான், அவள், கிழங்கு,
எல்லாருக்கும் இடமிருந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே லிஃப்ட் நின்றது.
அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.
என் கோட்டுப் பையில் போன் அடித்தது.
அன்றைய இரவுப் பணி என்னுடையது.
"எடுக்க மாட்டாயா?" என்றாள்.
எடுத்தேன். "வணக்கம், லிஃப்ட் பழுது,
சர்மீதே பேசுகிறேன்" என்றேன்.
பொத்தானுக்கு மேலிருந்த சல்லடையிலிருந்து
என் குரலே என்னை வணங்கியது.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வில்னிஸ் வந்து சேர
ஐம்பது நிமிடம்.
அக்னேசே ஒரு பையின்மேல் உட்கார்ந்தாள்.
"என்ன இது, பூனைக்குச் சவப்பெட்டியா?"
சொன்னேன். நம்பாமல் ஓங்கித் தட்டிப் பார்த்தாள்.
"தட்டாதே!"

மொட்டைமாடிக்கு வந்தபோது மேற்கே பாதி மூடிவிட்டது.
மிதுனத்தின் தலைகளில் ஒன்றைப் பிடித்தேன்.
வால் முளைத்துக் கலங்கிக் கிடந்தது.
தட்டியதில் ஒரு கண்ணாடி அசைந்திருந்தது.
கால் சுற்று. அரைக்கால் சுற்று.
அதிலும் பாதி.
"பார், சீக்கிரம்."
கையுறையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.
வெகு நேரம் பேசவில்லை.
"இரண்டு இருக்கிறது" என்றாள்.
எத்தனை என்று
நான் சொல்லியிருக்கவில்லை.

மேகம் வந்தது. படி வழியாக இறங்கினோம்,
பெட்டியின் ஒரு கைப்பிடி அவளிடம், மற்றது என்னிடம்.
உருளைக்கிழங்கு
லிஃப்டிலேயே கிடந்தது.